குறைந்த செலவு விளையாட்டுக் கணினி

குறைந்த செலவு விளையாட்டுக் கணினி என்பது, நிகழ்பட விளையாட்டுகளை ஏற்கத்தக்க வேகத்தில் இயக்கும் வகையில், உறுப்புகளைத் தனித்தனியாகத் தெரிவு செய்து, வரையறுத்த தொகைக்குள் பொருத்தி உருவாக்கப்படும் மேசைக் கணினி ஆகும். தமிழ்நாட்டுக் கடைகளில் இது 'அசெம்பிள்டு சிஸ்டம்' எனப்படும் வகையைச் சேர்ந்தது. பெரும்பாலும் பள்ளி மாணவர் ஒருவருக்காகப் பெற்றோர் வாங்கும் முதற் கணினியாக இது அமைகின்றது. எனவே விளையாட்டுடன் வீட்டுப்பாடம், நிரலாக்கம், தேர்வு விண்ணப்பம் ஆகியவற்றுக்கும் பல ஆண்டுகள் பயன்படவேண்டியதாகின்றது.

இக்கட்டுரை திருநெல்வேலி மற்றும் தாமிரபரணிப் பள்ளத்தாக்கின் மின்வழங்கல், தட்பவெப்பம், சந்தை ஆகிய சூழல்களைக் கருத்திற் கொண்டு உறுப்புத் தெரிவை விளக்குகின்றது. செலவைக் குறைக்க முற்படுவோர் பொதுவாக முதலில் வெட்டுவது மின்வழங்கியையும் மின் பாதுகாப்பையும் ஆகும். ஆனால் கணினியின் ஆயுளையும், அதைத் தொடும் சிறுவரின் பாதுகாப்பையும் தீர்மானிப்பவை அவையே. வரைகலை அட்டையைப் பின்னர் சேர்க்கலாம். எரிந்துபோன தாய்ப்பலகையை மீட்க இயலாது.

பின்னணி

தமிழ்நாட்டில் பல மாணவர்களின் முதற் கணினி அரசு வழங்கிய மடிக்கணினியாக இருந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கீழ், அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. அவை படிப்பை நோக்கமாகக் கொண்டவை. மடிக்கணினியில் வரைகலைச் செயலகம் பொதுவாகத் தாய்ப்பலகையுடன் பற்றவைக்கப்பட்டிருப்பதால், அதைப் பின்னர் மேம்படுத்த இயலாது. மேசைக் கணினியில் ஒவ்வோர் உறுப்பையும் தனியாக மாற்றலாம். குறைந்த தொகையில் தொடங்கிப் படிப்படியாக வளர்க்க விரும்பும் குடும்பங்களுக்கு அது ஏற்றதாக இருப்பதற்கு இதுவே காரணம்.

2020 முதல் 2022 வரையான காலத்தில், உலகளாவிய சில்லுத் தட்டுப்பாட்டாலும் மறையீட்டு நாணயம் உருவாக்குவோரின் தேவையாலும் வரைகலை அட்டைகளின் விலை பன்மடங்கு உயர்ந்தது. 2022 செப்டம்பரில் எதேரியம் வலையமைப்பு தன் செயல்முறையை மாற்றிக்கொண்டதால் அத்தேவை வீழ்ந்தது. அதுவரை இரவு பகலாக உழைத்த அட்டைகள் பெருமளவில் பழைய பொருட் சந்தைக்கு வந்தன. 2025 ஆம் ஆண்டின் இறுதியில், செயற்கை நுண்ணறிவு வழங்கிகளின் தேவை காரணமாக நினைவகத்தின் விலை கடுமையாக உயர்ந்தது. உறுப்புகளின் விலை இவ்வாறு மாறிக்கொண்டே இருப்பதால், குறிப்பிட்ட விலைப்பட்டியலை விடத் தெரிவு செய்யும் முறையை அறிந்திருத்தல் பயனுடையது.

சுற்றுச்சூழல் காரணிகள்

மின்வழங்கல்: பாபநாசம் நீர்மின் நிலையம் 1944 இல் இயங்கத் தொடங்கியதிலிருந்து இப்பள்ளத்தாக்கு மின்னாக்கத்துடன் தொடர்புடையது. கூடங்குளம் அணுமின் நிலையமும், ஆரல்வாய்மொழி, கயத்தாறு பகுதிகளின் காற்றாலைகளும் அண்மையில் உள்ளன. எனினும் மின் நிலையம் அருகிலிருப்பதால் வீட்டிற்கு வரும் மின்னழுத்தம் சீராக இருக்கும் எனக் கொள்ள இயலாது. அதைத் தீர்மானிப்பது தெருவிலுள்ள மின்மாற்றியும் அதிலிருந்து வரும் கம்பியுமே. மின்மாற்றியிலிருந்து தொலைவிலுள்ள வீடுகளில், பயன்பாடு மிகும் மாலை நேரத்தில் 230 வோல்ட்டு அழுத்தம் குறைதல் இயல்பு. மின்வெட்டின் பின் மின்சாரம் திரும்பும் கணத்தில் அழுத்தம் திடீரென ஏறியிறங்கலாம்.

வெப்பம்: குளிர்விப்பானால் ஓர் உறுப்பின் வெப்பத்தை அறையின் வெப்பநிலைக்குக் கீழே கொண்டுசெல்ல இயலாது. 25 பாகை செல்சியசு அறையில் 70 பாகையில் இயங்கும் செயற்பகுதி, சித்திரை மாதத்து 38 பாகை அறையில் ஏறத்தாழ 83 பாகையை அடையும். பெரும்பாலான செயற்பகுதிகள் 95 முதல் 100 பாகைக்குள் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்கின்றன. குளிர்நாட்டு மதிப்புரைகளில் காணப்படும் அளவுகளை இதனால் அப்படியே ஏற்க இயலாது.

தூசி: தென்மேற்குப் பருவக்காலத்தில் செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்கள் வழியே வீசும் காற்று, ஆனி, ஆடி மாதங்களில் மிகுந்த தூசியைக் கொணர்கின்றது. அது குளிர்விப்பான் இதழ்களுக்கிடையே படிந்து காற்றோட்டத்தைத் தடுக்கும். ஆற்றின் கழிமுகத்தை அண்டிய கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று இணைப்பிகளை அரிக்கும்.

வெள்ளமும் இடியும்: 2023 டிசம்பர் 17, 18 நாட்களில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பெருவெள்ளம் ஏற்பட்டது, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை பதிவானது. ஆற்றங்கரை ஊர்களில் கணினிக்கூட்டைத் தரையில் வையாது மேசை மேல் வைப்பது, செலவில்லாத பாதுகாப்பு ஆகும். இடி இடிக்கும்போது மின் செருகியையும் இணையக் கம்பியையும் கழற்றிவிடுதல் நன்று.

தெரிவின் வரிசை

உறுப்புகளைக் கடைக்காரர் கூறும் வரிசையில் அன்றி, பின்வரும் வரிசையில் முடிவு செய்தல் பொருத்தமானது:

1. சிறுவர் விளையாட விரும்பும் விளையாட்டுகள்
2. திரையின் படப்புள்ளி எண்ணிக்கை
3. வரைகலைச் செயலகம்
4. மையச் செயற்பகுதி, தாய்ப்பலகை, நினைவகம்
5. இவையனைத்தையும் தாங்கும் மின்வழங்கி

விளையாட்டுகளின் தேவைகள் பெரிதும் வேறுபடுகின்றன. மைன்கிராப்ட், ரோப்லாக்ஸ், வேலரண்ட் போன்றவை எளிய வரைகலையிலும் இயங்குவன. அண்மைய ஆண்டுகளில் வெளிவந்த திறந்த உலக விளையாட்டுகள் பலவற்றுக்குத் தனி வரைகலை அட்டை இன்றியமையாதது. முதல் வகையை மட்டும் விரும்பும் சிறுவருக்குத் தனி அட்டை தேவையற்ற செலவாகும்.

திரை

கடைகளில் 'மானிட்டர்' எனப்படும் திரையே, வரைகலைச் செயலகம் எவ்வளவு உழைக்கவேண்டும் என்பதைத் தீர்மானிக்கின்றது. 1280 × 720 அளவில் 9,21,600 படப்புள்ளிகளும், 1920 × 1080 அளவில் 20,73,600 படப்புள்ளிகளும், 2560 × 1440 அளவில் 36,86,400 படப்புள்ளிகளும் உள்ளன. நொடிக்கு 60 படங்களைக் காட்டுவதற்கு, ஒவ்வொரு படத்தையும் ஏறத்தாழ 16.7 மில்லிநொடிக்குள் வரைந்து முடித்தல் வேண்டும். குறைந்த செலவுக் கணினிக்கு 1920 × 1080 அளவுத் திரையே ஏற்றது. இதைவிட நுண்ணிய திரையை வாங்கினால், அதற்கு ஈடுகொடுக்க விலையுயர்ந்த அட்டையையும் வாங்கவேண்டிவரும்.

வரைகலைச் செயலகம்

வரைகலைச் செயலகம் இரு வகைப்படும். மையச் செயற்பகுதியினுள்ளேயே அமைந்திருப்பது ஒருங்கிணைந்த வரைகலை ஆகும். தனிப் பலகையாகப் பொருத்தப்படுவது வரைகலை அட்டை ஆகும். இது பேச்சு வழக்கில் 'கிராபிக்ஸ் கார்டு' எனப்படுகின்றது.

இவ்விரண்டின் முதன்மையான வேறுபாடுகளுள் ஒன்று நினைவகத்தை அணுகும் வேகம் ஆகும். ஒருங்கிணைந்த வரைகலை, கணினியின் பொது நினைவகத்தைப் பகிர்ந்துகொள்கின்றது. டிடிஆர்4-3200 வகை நினைவகம் இரு தடங்களில் நொடிக்கு 51.2 ஜிபி தரவை அளிக்கும். ஒரு தடத்தில் 25.6 ஜிபி மட்டுமே. 2019 இல் வெளிவந்த ஜிடிஎக்ஸ் 1650 அட்டையின் முதல் வடிவத்துக்கு இது 128 ஜிபி. 2021 இல் வெளிவந்த ஆர்எக்ஸ் 6600 அட்டைக்கு 224 ஜிபி. எளிய விளையாட்டுகளில் ஒருங்கிணைந்த வரைகலை போதுமானதாக இருந்தும் கனமான விளையாட்டுகளில் பின்தங்குவதற்கு இது ஒரு காரணமாகும்.

அட்டை வாங்குகையில் கவனிக்கவேண்டியவை:

* பெயர் ஒன்றாயினும் உள்ளீடு வேறாக இருக்கலாம். ஜிடி 1030 அட்டையின் ஜிடிடிஆர்5 வடிவம் நொடிக்கு 48 ஜிபி வேகமுடையது; 2018 இல் அதே பெயரில் வந்த டிடிஆர்4 வடிவம் 16.8 ஜிபி மட்டுமே. பெட்டியின் மீதுள்ள நினைவக வகையைப் படித்தல் வேண்டும்.
* மின் தேவை வேறுபடும். ஜிடிஎக்ஸ் 1650 ஏறத்தாழ 75 வாட், ஆர்டிஎக்ஸ் 3050 அட்டையின் 6 ஜிபி வடிவம் 70 வாட் எடுக்கும். இவற்றின் பல மாதிரிகளுக்குத் தனி மின்கம்பி தேவையில்லை. ஆர்எக்ஸ் 6600 அட்டைக்கு 132 வாட் தேவை; இதற்கு மின்வழங்கியிலிருந்து தனிக் கம்பி வேண்டும்.
* தாய்ப்பலகையுடனான தடங்கள் மாறுபடும். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி நான்கு தடங்களை மட்டும் பயன்படுத்துவது. மூன்றாம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸ் மட்டும் உள்ள கணினியில் அதன் வேகம் குறிப்பிடத்தக்க அளவு குறைகின்றது.
* அட்டையின் நினைவக அளவைப் பின்னர் கூட்டுதல் இயலாது. பல ஆண்டுகள் பயன்படுத்த எண்ணுவோருக்கு 4 ஜிபியை விட 8 ஜிபி பாதுகாப்பான தெரிவாகும்.

மையச் செயற்பகுதி

'பிராசஸர்' என வழங்கப்படும் மையச் செயற்பகுதியின் பெயரின் இறுதி எழுத்து முக்கியமானது. இன்டெல் நிறுவனத்தின் கோர் ஐ3-12100எப் போன்றவற்றில் உள்ள 'எப்' என்னும் எழுத்து, ஒருங்கிணைந்த வரைகலை இல்லை என்பதைக் குறிக்கின்றது. இவ்வகையைத் தனி அட்டையின்றி வாங்கினால் திரையில் எதுவும் தோன்றாது. ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 5600ஜி, 8600ஜி போன்றவற்றில் உள்ள 'ஜி', விளையாட்டுக்கும் ஓரளவு பயன்படும் ஒருங்கிணைந்த வரைகலை உள்ளதைக் குறிக்கின்றது.

2021 இல் வெளிவந்த ரைசன் 5 5600ஜி ஆறு கருக்களும் 65 வாட் மின்தேவை அளவும் உடையது. தனி அட்டையின்றித் தொடங்கிப் பின்னர் அட்டை சேர்க்கும் திட்டத்துக்கு இது பொருந்தும். ஆயினும் இதில் மூன்றாம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸ் மட்டுமே உள்ளதால், மேற்கூறிய ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி அட்டையுடன் இணைத்தல் பொருத்தமற்றது. தொடக்கத்திலேயே தனி அட்டை வாங்குவோருக்கு, நான்கு கருக்களைக் கொண்ட கோர் ஐ3-12100எப் சிக்கனமான தெரிவாகும்.

பள்ளிப் படிப்புக்குச் செயற்பகுதியின் வேகம் தடையாக இருப்பதில்லை. தமிழ்நாட்டு மேல்நிலைக் கணினி அறிவியல் பாடத்திட்டத்தில் பதினோராம் வகுப்பில் சி++, பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் மொழிகள் இடம்பெற்றுள்ளன. இவை பழைய செயற்பகுதிகளிலும் தடையின்றி இயங்குவன.

தாய்ப்பலகை

'மதர்போர்டு' எனப்படும் தாய்ப்பலகை விளையாட்டின் வேகத்தை நேரடியாகக் கூட்டுவதில்லை. ஆனால் எதிர்காலத்தில் எவ்வளவு மேம்படுத்தலாம் என்பதை அது வரையறுக்கின்றது. செயற்பகுதி பொருந்தும் குழியின் வகையும் தாய்ப்பலகையின் வகையும் ஒன்றாயிருத்தல் கட்டாயம். ஏஎம்4 குழி டிடிஆர்4 நினைவகத்தையும், 2022 இல் அறிமுகமான ஏஎம்5 குழி டிடிஆர்5 நினைவகத்தையும் ஏற்கும். எல்ஜிஏ 1700 குழியுடைய இன்டெல் பலகைகளில் இரு வகைகளும் உண்டு. ஒரு பலகை ஒரு வகையையே பொதுவாக ஏற்கும்.

ஏஎம்4 தொடக்கச் செலவு குறைந்தது. ஏஎம்5 பின்னாளில் புதிய செயற்பகுதிகளை ஏற்கும் வாய்ப்புடையது. நான்கைந்து ஆண்டுகளில் செயற்பகுதியை மாற்றும் எண்ணம் இல்லாத குடும்பத்துக்கு இரண்டாவது நன்மையால் பயன் குறைவு.

நினைவகம்

'ராம்' எனப்படும் நினைவகம் 16 ஜிபி இருத்தல் நன்று. ஒருங்கிணைந்த வரைகலையைப் பயன்படுத்துவோர் 16 ஜிபி தகடு ஒன்றை விட 8 ஜிபி தகடுகள் இரண்டை வாங்குதல் வேண்டும். இரு தகடுகளும் இரு தடங்களில் இயங்கித் தரவு வேகத்தை இருமடங்காக்கும் என்பதே இதன் காரணம். விலை மிக உயர்ந்த காலத்தில் ஒரு 8 ஜிபி தகட்டுடன் தொடங்கி, அதே வகைத் தகட்டைப் பின்னர் சேர்ப்பவர்களும் உளர். அதுவரை விளையாட்டுகள் மெதுவாக இயங்கும் என்பதை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும்.

சேமிப்பகம்

இயக்குதளத்துக்குச் சுழலும் வன்தட்டைப் பயன்படுத்துதல் இன்று பொருத்தமற்றது. 'எஸ்எஸ்டி' எனப்படும் திண்மநிலைச் சேமிப்பகம் கணினி தொடங்கும் நேரத்தையும் விளையாட்டு ஏறும் நேரத்தையும் வெகுவாகக் குறைக்கின்றது. ஓடும் பாகங்கள் இல்லாததால், மின்சாரம் திடீரென நிற்கும்போது வன்தட்டின் முனை உராயும் ஆபத்தும் இல்லை. பெரிய விளையாட்டு ஒன்றே 100 ஜிபியைத் தாண்டக்கூடும் என்பதால் 500 ஜிபி அளவு வேண்டும். பழைய வன்தட்டு ஒன்று வீட்டில் இருப்பின், அதைப் படங்களையும் பாடக் காணொளிகளையும் சேமிக்க இரண்டாவதாகப் பொருத்தலாம்.

மின்வழங்கி

கடைகளில் 'எஸ்எம்பிஎஸ்' எனப்படும் மின்வழங்கி, வீட்டின் மாறுமின்னோட்டத்தைக் கணினிக்குத் தேவையான நேர்மின்னோட்டமாக மாற்றுகின்றது. கணினியின் எல்லா உறுப்புகளும் இதனுடன் இணைந்திருப்பதால், தரமற்ற மின்வழங்கி பழுதாகும்போது தாய்ப்பலகையையும் அட்டையையும் உடன் கொண்டுசெல்லக்கூடும்.

மலிவான கணினிக்கூடுகளுடன் சேர்த்தே தரப்படும் மின்வழங்கிகளில் '450 வாட்' என அச்சிடப்பட்டிருந்தாலும், அது உண்மையில் பயன்படும் அளவைக் காட்டுவதாகாது. செயற்பகுதியும் வரைகலை அட்டையும் 12 வோல்ட்டு இணைப்பிலிருந்தே மின்சாரம் பெறுகின்றன. எனவே பக்கவாட்டிலுள்ள அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு எதிரே உள்ள ஆம்பியர் அளவைப் பார்த்து, அதை 12 ஆல் பெருக்குதல் வேண்டும். 16 ஆம்பியர் எனில் 192 வாட் மட்டுமே. 37 ஆம்பியர் எனில் 444 வாட். இரண்டின் மீதும் 450 என எழுதப்பட்டிருக்கலாம்.

65 வாட் செயற்பகுதி, 130 வாட் அட்டை, ஏனையவற்றுக்கு 50 வாட் எனக் கொண்டால், கணினியின் தேவை ஏறத்தாழ 245 வாட். இதற்கு நம்பகமான நிறுவனத்தின் 450 வாட் மின்வழங்கி தாராளமாகப் போதும். 2004 இல் தொடங்கிய '80 பிளஸ்' சான்று, மின்சாரம் எவ்வளவு வீணாகின்றது என்பதை மட்டுமே அளவிடுகின்றது. குறுக்குச் சுற்று, மிகை மின்னழுத்தம் ஆகியவற்றுக்கு எதிரான காப்பு உள்ளதா என்பதைத் தனியாகப் பார்த்தல் வேண்டும்.

கணினிக்கூடு

'கேபினட்' எனப்படும் கணினிக்கூட்டின் முன்பக்கம் வலைத் துளைகளுடன் இருத்தல் வேண்டும். முழுதும் கண்ணாடியால் மூடப்பட்டு வண்ண விளக்குகளுடன் வரும் கூடுகள் சிறுவர்களைக் கவர்வன. ஆயின் கோடையில் அவற்றினுள் வெப்பம் தேங்கும். முன்புறம் காற்றை உள்ளிழுக்கும் விசிறி ஒன்றும், பின்புறம் வெளியேற்றும் விசிறி ஒன்றும், கழற்றிக் கழுவக்கூடிய தூசி வடிகட்டியும் போதுமானவை. ஆடி மாதக் காற்று ஓய்ந்தபின் ஆண்டுக்கொரு முறையேனும் உட்புறத்தைத் தூய்மை செய்தல் நன்று.

மின் பாதுகாப்பு

நிலத்தொடுப்பு

கணினிக்கூட்டின் உலோகப் பகுதியைத் தொடும்போது மெல்லிய மின்னதிர்ச்சி உணரப்படுவது, பேச்சு வழக்கில் 'எர்த்து' எனப்படும் நிலத்தொடுப்பு இல்லாத வீடுகளில் காணப்படும் குறைபாடு ஆகும். மின்வழங்கியினுள் உள்ள வடிப்பி மின்தேக்கிகள் உயிர்க்கம்பிக்கும் கூட்டுக்கும் இடையிலும், நடுநிலைக்கம்பிக்கும் கூட்டுக்கும் இடையிலும் இணைக்கப்பட்டுள்ளன. நிலத்தொடுப்பு இல்லாதபோது கூடு வீட்டு மின்னழுத்தத்தில் ஏறத்தாழ பாதி அளவை அடைகின்றது. இயல்பு நிலையில் பாயும் மின்னோட்டம் மிகச் சிறியது. ஆனால் மின்வழங்கியில் பழுது ஏற்பட்டால், முழு மின்னழுத்தமும் கூட்டுக்கு வருவதைத் தடுக்க வேறு வழி இராது.

ஆகவே மூன்று முனைச் செருகியின் மூன்றாம் முனையை உடைத்தோ, இரு முனை மாற்றி வழியாகவோ கணினியை இணைத்தல் கூடாது. கணினி வைக்கும் இடத்தின் மின்வாயிலில் நிலத்தொடுப்பு உள்ளதா என்பதை, உறுப்புகள் வாங்குவதற்கு முன்னரே மின்பணியாளர் ஒருவரைக் கொண்டு சோதித்தல் வேண்டும். 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் காப்புக் கருவியும் வீட்டில் இருப்பின் மேலும் பாதுகாப்பாகும்.

தடையிலா மின்வழங்கி

'யுபிஎஸ்' எனப்படும் தடையிலா மின்வழங்கியின் நோக்கம் மின்வெட்டின்போது தொடர்ந்து விளையாடுவதன்று. கணினியை முறையாக நிறுத்த நேரம் அளிப்பதே ஆகும். பரவலாக விற்கப்படும் 600 விஏ வகை ஏறத்தாழ 360 வாட் வரை தாங்கும். அதிலுள்ள 12 வோல்ட்டு, 7 ஆம்பியர்-மணி மின்கலத்தில் கோட்பாட்டளவில் 84 வாட்-மணி ஆற்றல் உண்டு. வேகமாக மின்னிறக்கும்போது ஈய அமில மின்கலம் இதனை முழுமையாக அளிப்பதில்லை என்பதால், 200 வாட் எடுக்கும் கணினிக்குச் சில நிமிடங்களே கிடைக்கும். விளையாட்டைச் சேமித்துக் கணினியை நிறுத்த அது போதும்.

வீட்டில் இன்வெர்ட்டர் உள்ளவர்கள் அதன் நிலைமாற்றி 'யுபிஎஸ்' நிலையில் உள்ளதா எனப் பார்த்தல் வேண்டும். கணினி மின்வழங்கிகள் பொதுவாக ஏறத்தாழ 16 மில்லிநொடி அளவே மின்சாரமின்றித் தாக்குப்பிடிக்கும். விளக்கு, விசிறிகளுக்கான நிலையில் இன்வெர்ட்டர் மாறுவதற்கு அதைவிட அதிக நேரம் எடுப்பதால் கணினி அணைந்துவிடும்.

செலவைப் பகிர்தல்

முழுத் தொகையையும் 100 பங்காகக் கொண்டால், மின்வழங்கிக்கும் தடையிலா மின்வழங்கிக்கும் சேர்த்து 15 பங்கேனும் முதலில் ஒதுக்கிவிடுதல் நல்ல நடைமுறை ஆகும். எஞ்சியதை இரு கட்டங்களாகத் திட்டமிடலாம்.

* முதற் கட்டம்: ஒருங்கிணைந்த வரைகலையுள்ள செயற்பகுதி, இரு நினைவகத் தகடுகள், 500 ஜிபி எஸ்எஸ்டி, 1920 × 1080 திரை, தரமான 450 வாட் மின்வழங்கி, காற்றோட்டமுள்ள கூடு. எளிய விளையாட்டுகளுக்கும் எல்லாப் பள்ளிப் பணிகளுக்கும் இது போதும்.
* இரண்டாம் கட்டம்: ஓரிரு ஆண்டுகளின் பின், சிறுவரின் ஆர்வம் நிலைத்திருப்பின், வரைகலை அட்டை மட்டும் சேர்த்தல். மின்வழங்கி முன்னரே போதுமானதாக இருப்பதால் வேறெதையும் மாற்றவேண்டியதில்லை.

மின் கட்டணமும் செலவின் ஒரு பகுதியே. திரை உட்பட 250 வாட் எடுக்கும் கணினியில் நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் விளையாடினால் மாதத்துக்கு 15 அலகு, அதாவது இரு மாதக் கணக்கீட்டில் 30 அலகு மின்சாரம் செலவாகும்.

பழைய அலுவலகக் கணினிகள்

நிறுவனங்கள் பயன்படுத்தி விற்ற மேசைக் கணினியை வாங்கி, தனி மின்கம்பி தேவையற்ற அட்டை ஒன்றைப் பொருத்துதல் மிகக் குறைந்த செலவு வழியாகும். இதில் மூன்று தடைகள் உள்ளன. முதலாவதாக, சிறிய கூடுகளில் பாதி உயர அட்டைகளே நுழையும். இரண்டாவதாக, அவற்றின் மின்வழங்கிகள் பல, அந்நிறுவனத்துக்கே உரிய இணைப்பிகளைக் கொண்டிருப்பதால் கடையில் கிடைக்கும் பொது மின்வழங்கியால் மாற்ற இயலாது. மூன்றாவதாக, விண்டோஸ் 10 இயக்குதளத்துக்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. இன்டெல்லின் எட்டாம் தலைமுறைக்கு முந்திய செயற்பகுதிகளை விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாக ஏற்பதில்லை. எனவே எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ எனக் கேட்டு வாங்குதல் வேண்டும்.

பழைய வரைகலை அட்டைகளுள், மென்பொருளை மாற்றி வேறு பெயர் காட்டச் செய்யப்பட்ட போலிகளும் உலவுகின்றன. ஜிபியு-இசட் என்னும் இலவச மென்பொருள் இவற்றுட் பலவற்றைக் கண்டறிந்து காட்டும். பணம் கொடுப்பதற்கு முன் அரை மணி நேரம் விளையாட்டை ஓட்டிப் பார்ப்பதும் வழக்கம்.

வாங்குதல்

திருநெல்வேலி நகரக் கடைகள், சென்னை ரிச்சித் தெரு, இணையவழிக் கடைகள் ஆகிய மூன்று வழிகள் உள்ளன. ரிச்சித் தெருவில் தெரிவுகள் மிகுதி. ஆனால் அது 600 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவில் உள்ளது. பழுதான உறுப்பைத் திருப்பிக் கொடுக்க ஆகும் பயணச் செலவு, மிச்சப்படுத்திய தொகையை விழுங்கிவிடலாம். எல்லா நிறுவனங்களுக்கும் மாவட்டத் தலைநகரில் சேவை மையம் இருப்பதில்லை. ஆகையால் அம்பாசமுத்திரம், சேரன்மாதேவி, திருவைகுண்டம் போன்ற ஊர்களில் உள்ளோர், பழுதானால் உறுப்பை எங்கே கொடுப்பது, கூரியர் செலவு யாருடையது என்பவற்றை வாங்கும் முன்னரே கேட்டறிதல் வேண்டும்.

ஒவ்வோர் உறுப்பின் மாதிரிப் பெயரும் வரிசை எண்ணும் குறித்த சரக்கு சேவை வரி இரசீது பெறுதல் இன்றியமையாதது. 'ஐ5, 16 ஜிபி, 2 ஜிபி கிராபிக்ஸ்' என்று மட்டும் எழுதப்பட்ட விலைச்சீட்டு எந்தத் தலைமுறைச் செயற்பகுதி, எந்த மின்வழங்கி என்பவற்றைக் கூறுவதில்லை. ஒரு கடையின் விலையை மற்றொன்றுடன் ஒப்பிடவும் அது உதவாது.

இயக்குதளமும் விளையாட்டுகளும்

விண்டோஸ் உரிமம் தனிச் செலவாகும். கட்டற்ற லினக்சு இயக்குதளங்களைச் செலவின்றி நிறுவலாம். அவற்றுட் பலவற்றில் தமிழ் இடைமுகமும் உண்டு. 2018 இல் அறிமுகமான புரோட்டான் மென்பொருள் வழியாக, ஸ்டீம் தளத்திலுள்ள விண்டோஸ் விளையாட்டுகள் பல லினக்சிலும் இயங்குகின்றன. வேலரண்ட் லினக்சில் இயங்காது. சூப்பர்டக்ஸ்கார்ட், 0 ஏ.டி., மைன்டெஸ்ட் என முன்பு அறியப்பட்ட லுவான்டி ஆகியவை கட்டற்ற விளையாட்டுகள். இவற்றின் மூலநிரலைப் படித்து மாற்றவும் இயலும் என்பதால், நிரலாக்கம் பயிலும் மாணவருக்கு இவை கூடுதற் பயனுடையவை.

சிறுவர் பாதுகாப்பு

விளையாட்டுகளின் வயது வரம்பை அறிய ஐரோப்பாவின் பெகி தரப்படுத்தல் உதவும். மைன்கிராப்ட் 7, வேலரண்ட் 16, கிராண்ட் தெப்ட் ஆட்டோ 5 விளையாட்டு 18 என அதில் வகைப்படுத்தப்பட்டுள்ளன. சிறுவருக்கு நிர்வாகி உரிமையற்ற தனிக் கணக்கு உருவாக்குதல், நேர வரம்பு அமைத்தல், கணக்குடன் வங்கி அட்டையை இணைக்காதிருத்தல், கணினியைப் பொது அறையில் வைத்தல் ஆகியவை பரிந்துரைக்கப்படுகின்றன.

பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகள் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. தமிழ்நாட்டின் 2022 ஆம் ஆண்டுச் சட்டம் இணையவழிச் சூதாட்டத்தைத் தடை செய்தது. அதன் கீழ் 2025 இல் வெளியான விதிகள், 18 வயதுக்குட்பட்டோர் பணம் வைத்து ஆடுவதைத் தடுத்தன. 2025 ஆகத்தில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதற்கும் தடை செய்தது. விளையாட்டினுள் ஆடை, ஆயுதம் முதலியவற்றை விலைக்கு வாங்குதல் இவற்றிலிருந்து வேறானது. அதைக் கட்டுப்படுத்தும் பொறுப்பு பெரும்பாலும் பெற்றோரையே சார்ந்துள்ளது.

இவற்றையும் பார்க்க

* கணினி வன்பொருள்
* தாய்ப்பலகை
* மையச் செயற்பகுதி
* தடையிலா மின்வழங்கி
* நிகழ்பட விளையாட்டு
* திருநெல்வேலி